இன்றைய எல்லை எதுவரை?



எவ்வளவு ஈட்டலாம், எவ்வளவு துய்க்கலாம், எவ்வளவு பேசலாம் என்பனவற்றுக்கெல்லாம் அளவு வகுத்த நம் முன்னோர், எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் ஓர் அளவு வேண்டும் என்றனர். இல்லறத்தார்க்குரிய பன்னிரண்டு விரதங்களைப் பிள்ளைப் பருவத்தில் மனப்பாடம் செய்தபோது, திக்விரதம், தேசவிரதம் என்னும் பெயர்கள் நம் நாவில் எளிதாக ஏறின. ஆனால் அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போவதையே பெரிய பயணமாகக் கருதிய பாட்டிமார்களுக்குத் திசையெல்லை எதற்கு என்னும் ஐயமும் உடன் எழுந்தது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் கடல் கடந்து வாழ்கின்றனர். ஒரே பகலில் எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டினோம் என்று தொலைபேசியில் மகிழ்ந்து சொல்கின்றனர். அக்காலத்து ஐயத்துக்கு இக்காலம் விடை தருகிறது.

இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் வினா சிறியது. வீட்டு வண்டியில் பயணம் செல்லும் குடும்பம் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்? அந்த அளவை யார் முடிவு செய்வது? எப்போது முடிவு செய்வது? வினா சிறியதாயினும் கொல்லாமை, வாய்மை, மிகுபொருள் விரும்பாமை ஆகிய மூன்றும் அதனுள் அடங்கியிருக்கின்றன என்பது நம் கருத்து.

வீடும் வண்டியும்

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் மோட்டார் ஹோம் என்று ஒருவகை வண்டி உண்டு. நம் ஊரில் திரைப்பட நடிகர்களுக்காக நிறுத்தப்படும் கேரவனைப் பார்த்தவர்கள் அதன் அமைப்பை ஊகித்துக்கொள்ளலாம். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கழிவறை எல்லாம் ஒரே வண்டிக்குள் இருக்கும். பகலில் ஓட்டிச் சென்று, மாலையில் அதற்கென அமைந்த தங்குமுகாமில் நிறுத்தி, மின்கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் பொருத்திக்கொண்டு இரவைக் கழிப்பார்கள்.

நம் குடும்பத்தார் இவ்வண்டியை விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. அயல்நாட்டு நெடுஞ்சாலைகளில் நமக்கு ஏற்ற உணவு கிடைப்பது அரிது. கிழங்கு வகைகளை நீக்கி, நீரை வடிகட்டி, பொழுது சாயுமுன் சமைத்து உண்ணும் முதியவர்களுக்குச் சமையலறையே உடன்வருவது பேருதவியாகும். ஆகவேதான் ஊரிலிருந்து தாய் தந்தையர் வந்தால், பிள்ளைகள் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து நாடு காட்டப் புறப்படுகின்றனர்.

நாமும் 2017 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மகனின் குடும்பத்தோடு அவ்வாறு ஒன்பது நாள் பயணம் சென்றோம். லாஸ் வேகாஸ் நகரில் வண்டியை எடுத்து, யூட்டா மாநிலத்தின் சயான், பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களைக் கண்டு, அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்குக்குச் சென்று திரும்பினோம். ஒவ்வொரு காலையிலும் வண்டிக்குள் எழுந்த முதல் வினா, இன்று எதுவரை என்பதே. அவ்வினாவுக்கு விடை காணும் முறையை அங்கே உற்று நோக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது.

கணக்குப் பாடத்தில் இல்லாதவை

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் காலமும் வேகமும் தூரமும் கற்பிக்கும் முறையை நாம் பயின்றோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 480 கிலோமீட்டரை எத்தனை மணி நேரத்தில் கடக்கும்? ஆறு மணி நேரம் என்று மாணவன் விடை எழுதினால் முழு மதிப்பெண் கொடுத்தோம். வகுப்பறைக் கணக்கில் வரும் வண்டி களைப்பதில்லை. எரிபொருள் நிரப்ப நிற்பதில்லை. அதனுள் மூட்டுவலிக்காரர் எவரும் அமர்ந்திருப்பதில்லை.

அதே கணக்கை வாழ்க்கையில் போட்டுப் பார்ப்போம். பிரிட்டனின் சாலை விதிநூல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடம் ஓய்வு கொள்ளச் சொல்கிறது. ஆறு மணி நேர ஓட்டத்தில் அத்தகைய ஓய்வு மூன்று கொண்டால் 45 நிமிடம். பகல் உணவுக்கு ஒரு மணி நேரம். எரிபொருளுக்கு அரை மணி நேரம். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டவர்கள் மாலை நாலேகாலுக்குத்தான் முகாமை அடைவார்கள். அதன்பின் வண்டியைச் சமநிலையில் நிறுத்திக் குழாய்களைப் பொருத்த ஒரு மணி நேரமேனும் ஆகும். அடுப்புப் பற்றவைக்கும்போது ஐந்தரை ஆகிவிடும். இதுவும் வழியில் மலையேற்றமும் சாலைப் பணியும் இல்லாதபோதுதான். வீட்டு வண்டி கனமானது. சமநிலத்திலேயே 80 கிலோமீட்டர் சராசரி கிட்டுவது எளிதன்று.

தூரத்தை 320 கிலோமீட்டராகக் குறைத்தால் என்ன ஆகும்? ஓட்டம் நான்கு மணி நேரம், இடையே ஓர் ஓய்வு, உணவு, எரிபொருள் எல்லாம் சேர்ந்து ஐந்தே முக்கால் மணி நேரம். எட்டு மணிக்குப் புறப்பட்டவர்கள் இரண்டு மணிக்கு முன்பே சேர்ந்துவிடுவர். குழந்தைகள் ஓடியாடவும், பெரியவர்கள் காலை நீட்டவும், சமையல் பதற்றமின்றி நடக்கவும் பகல் மிச்சமிருக்கும்.

அமெரிக்காவில் வீட்டு வண்டியிலேயே பல ஆண்டுகள் சுற்றிய முதியவர்கள் இதைப் பட்டறிவால் கண்டு, இரு எளிய விதிகளாகச் சொல்லிவருகின்றனர். ஒன்று மூன்று-மூன்று-மூன்று: நாளொன்றுக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாமை, பிற்பகல் மூன்று மணிக்குள் சேர்தல், சேர்ந்த இடத்தில் மூன்று நாள் தங்குதல். மற்றொன்று இரண்டு-இரண்டு-இரண்டு: 200 மைல், இரண்டு மணி, இரண்டு இரவு. நாம் மேலே கணக்கிட்ட 320 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ அந்த 200 மைலே. இவ்விதிகளில் தூரத்துக்கு ஓர் எல்லை, நேரத்துக்கு ஓர் எல்லை, தங்குதலுக்கு ஓர் எல்லை என மூன்றும் ஒருங்கே அமைந்திருப்பதை வாசகர்கள் கருத வேண்டும். தூரத்துக்கு மட்டும் எல்லை வைத்தால் மலைப்பாதையில் அது பொய்த்துவிடும்.

நிலப்படமும் நம்மை ஏமாற்றவல்லது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென்கரைக்கும் வடகரைக்கும் இடைப்பட்ட அகலம் சராசரியாக 16 கிலோமீட்டர்தான். படத்தில் ஒரு விரற்கடைகூட இராது. ஆனால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சாலைவழி செல்ல 345 கிலோமீட்டர் சுற்ற வேண்டும்; காருக்கே ஐந்து மணி நேரமாகும். இரு கரைகளையும் ஒரே நாளில் கண்டுவிடலாமே என்று பேத்தி படத்தைக் காட்டிக் கேட்டபோது, அவளுடைய தந்தை இந்தக் கணக்கைச் சொல்லித் தென்கரை மட்டும் போதும் என்று முடிவு செய்தார். நமக்கு அம்முடிவு மகிழ்ச்சி தந்தது.

எருதின் இடத்தில் யார்?

இதுவரை சொன்னவை வசதி பற்றியவை. அறம் பற்றிய செய்தி இனிமேல்தான் வருகிறது.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், கொல்லாமை அணுவிரதத்துக்கு நேரும் ஐந்து குற்றங்கள் சொல்லப்பட்டுள்ளன. உயிர்களைக் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. எருது பூட்டிய வண்டியில் நம் முன்னோர் மேல்சித்தாமூருக்கும் திருமலைக்கும் பொன்னூர் மலைக்கும் யாத்திரை சென்ற காலத்தில், இவ்வைந்தும் கண்முன் நின்ற செய்திகள். எருது நுரை தள்ளினால் நுகத்தை அவிழ்த்தனர். தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டு, அது அசைபோட்டு முடிக்கும்வரை மரநிழலில் காத்திருந்தனர். அன்றைய எல்லையை எருதே முடிவு செய்தது. வண்டியிலிருந்தவர் எவரும் அதை இழப்பாகக் கருதியதில்லை.

இன்று வண்டியில் எருது இல்லை. இயந்திரத்துக்குக் களைப்பும் இல்லை. ஆயின் அந்த ஐந்து குற்றங்களில் மூன்று இன்னும் நம்மோடு வண்டியேறி வருகின்றன. பாதுகாப்பு வாரால் குழந்தையை ஒன்பது மணி நேரம் இருக்கையில் பிணித்து வைப்பது ஒருவகைக் கட்டுதல். பணியிடத்தில் வாரமெல்லாம் உழைத்துவிட்டு விடுமுறைக்கு வந்த மகனைத் தனியொருவனாக நாள் முழுவதும் ஓட்டச் செய்வது அளவுக்கு மீறிய சுமை. அடுத்த ஊரில் உண்ணலாம், அடுத்த ஊரில் உண்ணலாம் என்று வேளையைத் தள்ளிக்கொண்டே போவது உணவைத் தடுத்தல். பாதுகாப்பு வார் தேவைதான், ஓட்டுவதும் தேவைதான். எதுவரை என்பதிலேயே குற்றமும் குற்றமின்மையும் அமைகின்றன.

ஓட்டுநரின் களைப்பைச் சிறிய செய்தியாக எண்ணுவோர் ஓர் ஆய்வை அறிய வேண்டும். 1997 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட முடிவின்படி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறது. பல நாடுகளில் ஓட்டுநருக்குச் சட்டம் விதிக்கும் மது வரம்பே அந்த அளவுதான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பொருள்களைக் கட்டி வைத்துப் புறப்பட்ட ஒருவர் இரவு ஒன்பது மணிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பதினேழு மணி நேரம் நிறைவாகிறது. மதுவை வாழ்நாளில் தொட்டறியாத நம் பிள்ளை, தன்னை அறியாமலே மது உண்டவனுக்கு ஒப்பாக அமர்ந்திருக்கிறான். கள்ளை விலக்கியதன் நோக்கம் அறிவு மயங்காதிருத்தல் என்றால், உறக்கமின்மையால் வரும் மயக்கத்தையும் விலக்குவதே அதன் பொருளை உணர்ந்தவர் செயல்.

ஊதியம் பெற்று ஓட்டுவோருக்கு அரசுகள் எல்லை வகுத்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு வண்டி ஓட்டுநர் நாளொன்றுக்குப் பொதுவாக 9 மணி நேரம்தான் ஓட்டலாம். நாலரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிட ஓய்வு கட்டாயம். நம் நாட்டில் 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வகுத்தது. முன்பின் அறியாத ஓட்டுநருக்குச் சட்டம் காட்டும் பரிவைப் பெற்ற மகனுக்கு நாம் காட்டாதிருக்கலாமா? குடும்பத்துக்காக ஓட்டுபவனுக்கு வேலைநேரச் சட்டம் கிடையாது. அவனுக்கு எல்லை வகுக்க வேண்டியவர்கள் உடன் அமர்ந்திருப்பவர்களே.

முதியோரின் மௌனம்

அன்றைய எல்லையை யார் முடிவு செய்வது என்னும் வினாவுக்கு வருவோம். ஓட்டுபவரே முடிவு செய்யட்டும் என்பது பலரின் விடை. அது பாதி விடையே. ஓட்டுபவர் பெரும்பாலும் குழுவில் வலிமை மிக்கவர். மற்றவர் உடலில் நேர்வது அவருக்குத் தெரியாது. பயணத்தின் அளவு, குழுவில் வலிமை குறைந்தவரின் அளவாக இருத்தல் வேண்டும். எருது இரண்டில் நலிந்தது எதுவோ, அதன் நடையே வண்டியின் நடை.

ஆனால் வலிமை குறைந்தவர் வாய் திறந்தால்தானே அது பிறருக்குத் தெரியும்? இங்கேதான் முதியோராகிய நம் கடமை வருகிறது. பிள்ளைகள் ஆசையோடு அழைத்துவந்திருக்கிறார்கள், இவ்வளவு செலவு செய்கிறார்கள், நம்மால் அவர்கள் மகிழ்ச்சி கெடலாகாது என்று நம்மில் பலர் வலியை மறைக்கிறோம். கழிவறைக்காக வண்டியை நிறுத்தச் சொல்லக் கூசி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்மணிகள் உண்டு. வண்டிக்குள்ளேயே கழிவறை இருந்தாலும், ஓடும் வண்டியில் எழுந்து நடப்பது ஆபத்து. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாது அமர்ந்து பயணம் செய்தால் காலின் ஆழ்நரம்புகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007 ஆம் ஆண்டு தெரிவித்தது. அவ்வாய்ப்பு இயல்பில் சிறியதே. எனினும் முதுமையும் நீர் குறைந்த உடலும் சேரும்போது அதைப் பொருட்படுத்தாமல் விடலாகாது.

வலியை மறைப்பதைப் பொறுமை என்று நாம் போற்றிக்கொள்கிறோம். தனக்கு நேரும் துன்பத்தைத் தானே தாங்குவது பொறுமைதான். ஆனால், அம்மா களைப்பாக இருக்கிறதா என்று மகன் கேட்கும்போது, இல்லையப்பா, நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதில் வாய்மை இல்லை. அவன் அந்தச் சொல்லை நம்பித்தான் அடுத்த 100 கிலோமீட்டரை முடிவு செய்கிறான். தவறான அளவுகோலை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் அளந்தது தவறாகும்போது நாம் படுக்கையில் விழுந்தால், அவன் உள்ளத்தில் ஏற்படும் துயரத்துக்கு யார் பொறுப்பு? தீங்கு விளையாத சொல்லே வாய்மை என்று நாம் கற்றிருக்கிறோம். அன்பினால் சொல்லும் இந்தப் பொய் அந்த இலக்கணத்துக்குள் அடங்காது.

நம் பயணத்தில் மருமகள் ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தார். காலையில் பொதுவாக எல்லாரையும் நோக்கிக் கேட்காமல், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வந்து, "அத்தை, நேற்று எந்த இடத்தில் முழங்கால் வலிக்கத் தொடங்கிற்று?" என்பது போலக் கேட்பார். வலித்ததா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். எந்த இடத்தில் என்று கேட்டால் உண்மை வந்துவிடும். நல்ல ஆசிரியர் மாணவனிடம், புரிந்ததா என்று கேட்பதில்லை; எந்த வரி புரியவில்லை என்று கேட்பார். அம்முறையை அவரிடம் கண்டு மகிழ்ந்தோம்.

எல்லையை எப்போது வகுப்பது?

திக்விரதம் என்பது வாழ்நாள் முழுமைக்கும் திசைகளில் எல்லை வகுத்துக்கொள்வது. தேசவிரதம் அந்தப் பெரிய எல்லைக்குள் குறித்த காலத்துக்கு ஒரு சிறிய எல்லையை வகுத்துக்கொள்வது. இந்த வீடுவரை, இந்தத் தெருவரை, இந்த ஆறுவரை என்று அடையாளமும், இத்தனை நாள் என்று காலமும் குறித்துக்கொள்ளுதல் மரபு. இவ்விரதங்கள் வீட்டு வண்டிக்காக வகுக்கப்பட்டவை அல்ல. எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களுக்கு நம்மால் தீங்கு நேராமையும், அப்பாலுள்ள பொருளின்மேல் ஆசை செல்லாமையுமே அவற்றின் நோக்கம். எனினும் எல்லை வகுத்த மனம் எவ்வெவ்வாறு அதை மீறும் என்று நம் ஆசான்கள் ஆராய்ந்திருக்கும் நுட்பம், நெடுஞ்சாலைக்கும் அப்படியே பொருந்துகிறது.

திக்விரதத்தின் குற்றங்கள் ஐந்து: மேலே எல்லை கடத்தல், கீழே எல்லை கடத்தல், பக்கவாட்டில் எல்லை கடத்தல், எல்லையைப் பெருக்கிக்கொள்ளுதல், எல்லையை மறத்தல். கடைசி இரண்டையும் கவனியுங்கள். எல்லையைப் பெருக்குதல் என்பதில், ஒரு திசையில் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி மறுதிசையில் கூட்டிக்கொள்வதும் அடங்கும். இன்று கூடுதலாக ஓட்டிவிட்டால் நாளை குறைத்துக்கொள்ளலாம் என்னும் பேச்சை வண்டியில் கேட்காதவர் யார்? நாளைக்கும் அதே மனம்தான் வரப்போகிறது. எல்லையை மறத்தலோ களைப்பின் குழந்தை. காலையில் தெளிவாக இருந்த முடிவு, மாலையில் கண் எரியும்போது நினைவில் மங்கி, இன்னும் ஐம்பது மைல்தானே என்னும் குரலே மிஞ்சுகிறது.

ஆகவே எல்லையைக் காலையில், உறங்கி எழுந்த தெளிவில், அனைவரும் கூடி வகுக்க வேண்டும். களைத்த மனம் தன் களைப்பை அளக்கும் தகுதியை இழந்துவிடுகிறது. நம் பத்து வயதுப் பேரன், சேரவேண்டிய இடத்தையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதி வண்டியின் உட்சுவரில் ஒட்டிவைப்பான். மறத்தல் என்னும் குற்றத்துக்கு அதுவே மருந்து.

அந்தத் தாளுக்கு ஒரு நாள் சோதனை வந்தது. பிரைஸ் கேன்யனிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் கடந்து, கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணைக்கு அருகிலுள்ள பேஜ் என்னும் ஊரை அடைந்தோம். யூட்டா நேரப்படி பகல் ஒரு மணி. கோடைக்காலத்தில் அமெரிக்காவின் பெரும்பகுதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும். அரிசோனாவின் பெரும்பகுதி அவ்வாறு செய்வதில்லை. ஆதலின் அங்கே மணி பன்னிரண்டுதான். ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது, கிராண்ட் கேன்யனுக்கு இன்னும் சுமார் 220 கிலோமீட்டர், போய்விடலாமே என்றார் மகன். "கடிகாரம்தான் பின்னால் போயிற்று, நீங்கள் எழுந்த நேரம் பின்னால் போகவில்லையே" என்றார் மருமகள். பேரன் தாளைக் காட்டினான். மகன் சிரித்துக்கொண்டே வண்டியை முகாமுக்குள் திருப்பினார். அன்று பிற்பகல் அவர் மூன்று மணி நேரம் அயர்ந்து உறங்கியதைப் பார்த்தபோது, போய்விடலாம் என்று சொன்னது அவருடைய ஆர்வமே அன்றி உடல் அன்று என்பது விளங்கிற்று.

சில மறுப்புகள்

வாடகை வீணாகிறதே என்பர் சிலர். அங்கே பல நிறுவனங்கள் நாள் வாடகையோடு ஓடிய தூரத்துக்கும் கட்டணம் பெறுகின்றன. பெரிய வீட்டு வண்டி ஒரு லிட்டர் எரிபொருளில் மூன்றரை, நான்கு கிலோமீட்டர்தான் ஓடும். தூரம் குறைந்தால் செலவும் குறைகிறது. காற்றில் கலக்கும் புகையும் குறைகிறது. பயனின்றித் தீங்கு விளைக்கும் செயலைத் தவிர்த்தல் அனர்த்த தண்ட விரதம் அன்றோ?

விடுமுறை குறைவு, காணவேண்டியவை பல என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு; மீண்டும் அவ்வழியே போகும் வாய்ப்பு முதியவர்களுக்கு வாராமலே போகலாம். ஆயினும் மிகுபொருள் விரும்பாமை என்பது பொன்னுக்கும் நிலத்துக்கும் மட்டும் உரியதன்று. பார்த்த இடங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துவைப்பதும் ஒரு சேமிப்பே. நான்கு இடங்களில் இறங்கிப் படம் எடுத்து ஓடியவர்களைவிட, ஓர் இடத்தில் இரண்டு நாள் தங்கி, காலை ஒளியில் ஒரு பாறை எந்நிறம், மாலை ஒளியில் எந்நிறம் என்று கண்டவர்கள் மிகுதியாகக் கண்டவர்கள்.

சூரியன் மறையும்வரை ஓட்டலாமே என்பது மூன்றாவது. நம் ஊரில் அந்த எல்லை போதும். தெற்கு யூட்டாவில் ஜூன் திங்களில் கதிரவன் மறைய ஏறக்குறைய ஒன்பது மணியாகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பத்து மணியாகிறது. அங்கே சூரியனை நம்பி ஓட்டினால் பதினான்கு மணி நேரம் ஓட்ட வேண்டியதுதான். இரவில் ஓட்டுவதோ அதனினும் கொடிது. வைகறையிலும் அந்தியிலும் அமெரிக்கச் சாலைகளில் மான்களும், ஆஸ்திரேலியச் சாலைகளில் கங்காருகளும் குறுக்கே வருகின்றன. முகப்பொளியை நாடிவந்து கண்ணாடியில் மடியும் பூச்சிகளுக்குக் கணக்கில்லை.

நம் முனிவர்கள் பகலில், நடந்து பழகிய வழியில், நான்கு முழ நிலத்தை முன்னே நோக்கி அடிவைக்கின்றனர். நடப்பவருக்கு அந்த நான்கு முழம் போதும். மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நிற்க 23 மீட்டர் வேண்டும் என்றும், 96 கிலோமீட்டர் வேகத்தில் 73 மீட்டர் வேண்டும் என்றும் பிரிட்டனின் விதிநூல் கணக்கிடுகிறது. வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் மும்மடங்குக்கு மேலாகிறது. அத்தனை தூரத்தையும் நோக்கிக் காக்கும் கண், களைப்பில்லாத கண்ணாக இருக்க வேண்டும்.

வகுத்த எல்லையைக் கடக்கவே கூடாதா என்றும் கேட்கலாம். சேர்ந்த இடத்தில் காட்டுத்தீயின் புகை சூழ்ந்தாலோ, ஒருவருக்கு மருத்துவம் தேவைப்பட்டாலோ, அங்கே தங்குவது அறிவுடைமை ஆகாது. உயிரைக் காப்பதற்காக வகுத்ததை உயிருக்கு எதிராகப் பிடித்துக்கொள்ளலாகாது. ஆனால் காலையிலேயே இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்வது நலம்: சேர விரும்பும் இடம் ஒன்று, அதற்கு முன்னே, தேவையானால் நின்றுவிடக்கூடிய இடம் மற்றொன்று. பலரும் மாற்று இடத்தை எல்லைக்கு அப்பால் தேடுகின்றனர். அதனால்தான் தேவை வரும்போது நீண்ட வழி மேலும் நீள்கிறது.

எருதும் இருளும் நம் முன்னோருக்கு வெளியிலிருந்து எல்லையைக் கொடுத்தன. இயந்திரமும் மின்விளக்கும் அவ்விரண்டையும் நீக்கிவிட்டன. வெளியே எல்லை இருந்த காலத்திலேயே உள்ளே ஓர் எல்லை வேண்டும் என்று நம் ஆசான்கள் சொன்னார்கள். வெளியே எதுவும் நம்மைத் தடுக்காத இக்காலத்தில் அந்த உள்ளெல்லை ஒன்றுதான் காவல்.

அயல்நாட்டிலிருக்கும் பிள்ளைகள் அழைத்தால், முதியவர்களே, மகிழ்ந்து செல்லுங்கள். காலையில் மகனோ மகளோ வந்து, இன்று எதுவரை போகலாம் என்று கேட்டால், உன் விருப்பம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் முழங்கால் எதுவரை வரும் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். இளையவர்களே, அந்தச் சொல்லைக் கேட்டபின் அதை எழுதி ஒட்டிவையுங்கள்.